அமெரிக்காவில் தூண்டில், வேட்டை, பொறி: மாநிலச் சட்டங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெக்சாஸில் பதினைந்து வருடமாகத் தூண்டில் போடுகிறேன். கடைசி ஏழெட்டு வருடமாக மான் சீசனுக்கும் போகிறேன். நண்பர்கள் வீட்டில் இந்தப் பேச்சு எழுந்தால் ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வரும். ஆளாளுக்குத் தனியாகப் பதில் சொல்வதை விட ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு, வருடத்துக்கு வருடம் மாறும். இங்கே சொல்லும் எண்களை வைத்து விஷயத்தைப் புரிந்துகொள்ளுங்கள். கிளம்பும் முன் உங்கள் மாநிலத்தின் அந்த வருடக் கையேட்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இதையெல்லாம் கட்டுப்படுத்துவது மத்திய அரசா, மாநில அரசா?

பெரும்பாலும் மாநிலம். மான், முயல், வான்கோழி, ஏரி மீன், ஆற்று மீன், நண்டு எல்லாம் மாநிலத்தின் கையில். ஒவ்வொரு மாநிலமும் இதற்கென்று ஒரு துறை வைத்திருக்கிறது, ஆனால் பெயர் ஒரே மாதிரி இருக்காது. டெக்சாஸில் பூங்கா, வனவிலங்குத் துறை. கலிபோர்னியாவில் மீன், வனவிலங்குத் துறை. பென்சில்வேனியாவில் வேட்டைக்கு ஒரு ஆணையம், மீனுக்கும் படகுக்கும் இன்னொரு ஆணையம் என்று இரண்டு. அங்கே தூண்டில் போடுகிறவர் ஒரு அலுவலகத்தின் விதியையும், துப்பாக்கி எடுப்பவர் வேறொன்றின் விதியையும் பார்க்க வேண்டும்.

மத்திய அரசு முக்கியமாக மூன்று இடங்களில் வரும். வலசை போகும் பறவைகள், அழியும் நிலையில் உள்ள உயிரினங்கள், கரையிலிருந்து தள்ளிப் போனால் கடல். பொதுவாகக் கரையிலிருந்து 3 கடல் மைல் வரை மாநிலத்தின் நீர். டெக்சாஸிலும், புளோரிடாவின் மெக்சிகோ வளைகுடாப் பக்கத்திலும் அது 9 கடல் மைல். அதைத் தாண்டி 200 கடல் மைல் வரை மத்திய விதி. படகில் போகிறவர்கள் இந்தக் கோட்டைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஒரே மீனுக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டமும் அந்தப் பக்கம் வேறொரு சட்டமும் இருக்கும்.

என் நிலத்தில் மேயும் மான் என்னுடையதுதானே?

இல்லை. மண் உங்களுடையது, மான் உங்களுடையது அல்ல. காட்டு விலங்கும் மீனும் மக்கள் எல்லோருக்கும் பொது, மாநிலம் அவற்றை மக்கள் சார்பில் பாதுகாத்து வைத்திருக்கிறது என்பதுதான் இங்கே எல்லா விதிகளுக்கும் அடிப்படை. 1842-இல் நியூ ஜெர்சியின் சிப்பிப் படுகை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன கருத்திலிருந்து இந்த எண்ணம் வளர்ந்தது. நில உரிமையாளர் தன் நிலத்துக்குள் யார் வரலாம் என்று முடிவு செய்யலாம். மானை எப்போது, எத்தனை சுடலாம் என்பதை முடிவு செய்ய முடியாது. தன் நிலத்தில் சுடுவதானாலும் சீசன் வர வேண்டும்.

இந்தக் கொள்கை சும்மா பிறக்கவில்லை. வானத்தை மறைத்துப் பறந்த பயணிப் புறாவில் கடைசி ஒன்று 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி விலங்குக் காட்சிசாலையில் செத்தது. சமவெளியில் கோடிக்கணக்கில் திரிந்த காட்டெருமை 1880-களின் முடிவில் சில நூறாகச் சுருங்கியது. சந்தையில் விற்பதற்காகவே சுட்டுத் தள்ளிய காலம் அது. வெள்ளைவால் மான் கூட 1900-ஐ ஒட்டி சுமார் ஐந்து லட்சம்தான் மிச்சம் என்று கணக்கிடுகிறார்கள். இன்று அது ஏறக்குறைய மூன்று கோடி. நெடுஞ்சாலையில் மான் குறுக்கே வருகிறதே என்று நாம் அலுத்துக்கொள்கிறோம், ஆனால் ஒரு நூற்றாண்டாக விதி போட்டுக் காத்ததால்தான் அந்த மான் இன்று இருக்கிறது.

லைசென்ஸ் பணம் எங்கே போகிறது?

இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். டெக்சாஸில் நன்னீர் மீன்பிடி லைசென்ஸ் உள்ளூர்வாசிக்கு 30 டாலர். "ஒரு தூண்டிலுக்கு இவ்வளவா" என்று முணுமுணுப்பவர்கள் உண்டு.

1937-இல் பிட்மன்–ராபர்ட்சன் சட்டம் வந்தது. வேட்டைத் துப்பாக்கி, தோட்டா மீது 11 சதவீத வரி. தயாரிப்பாளரோ இறக்குமதியாளரோ கட்டும் அந்தப் பணம் மாநிலங்களின் வனவிலங்குத் துறைகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. பாதி நிலப்பரப்பைப் பொறுத்து, பாதி லைசென்ஸ் வாங்கியவர்களின் எண்ணிக்கையைப் பொறுத்து. 1950-இல் மீன்பிடிச் சாமான்களுக்கும் இதே மாதிரி டிங்கல்–ஜான்சன் சட்டம் வந்தது. நீங்கள் வாங்கும் ரீலிலும் தூண்டில் முள்ளிலும் அந்த வரி ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது.

இதில் ஒரு நிபந்தனை உண்டு, அதைப் போட்டவர்களைக் கும்பிட வேண்டும். லைசென்ஸ் பணத்தை மாநிலம் வேறு எதற்கும் திருப்பிவிடக் கூடாது. சாலை போட எடுத்தால் மத்தியப் பணம் நின்றுவிடும். அதனால்தான் ஏரியில் மீன் குஞ்சு விட, படகுத்துறை கட்ட, மான்களை எண்ண, இந்த விதிகளைக் கண்காணிக்கும் அதிகாரியான வார்டனுக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் வருகிறது. மீன் பிடிக்காமல் திரும்பி வந்தாலும் அந்த 30 டாலர் வீணில்லை என்று நான் நினைப்பது இதனால்தான்.

மிசௌரி இன்னும் ஒரு படி மேலே போனது. 1976-இல் மக்கள் வாக்களித்து, விலையில் ஒரு சதவீதத்தின் எட்டில் ஒரு பங்கை விற்பனை வரியாக வாங்கி, காடு, மீன், விலங்குப் பாதுகாப்புக்கென்றே ஒதுக்கினார்கள். அங்கே வேட்டைக்கே போகாதவரும் இதற்குப் பங்கு கொடுக்கிறார்.

பொழுதுபோக்காகத் தூண்டில் போடக் கூட லைசென்ஸ் வேண்டுமா? பிள்ளைகளுக்கு?

வேண்டும். மீன் மாட்டியதா இல்லையா என்பது பொருட்டே இல்லை, முள் தண்ணீரில் இறங்கினாலே மீன் பிடிப்பதாகத்தான் கணக்கு. பிள்ளைகளுக்குப் பெரும்பாலான மாநிலங்களில் விலக்கு உண்டு. கலிபோர்னியா, நியூயார்க், புளோரிடா, பென்சில்வேனியாவில் 16 வயதிலிருந்து லைசென்ஸ் வேண்டும், டெக்சாஸில் 17-இலிருந்து. நியூ ஜெர்சி நன்னீரில் 16 முதல் 69 வரை. அங்கே கடலில் பிடிக்க லைசென்ஸ் இல்லை, ஆனால் இலவசமாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். கலிபோர்னியாவில் கடற்கரையின் பொதுப் பாலத்துறைகளில் (கடலுக்குள் நீளும் பாலம், 'பியர்') நின்று பிடிக்க லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் அளவும் எண்ணிக்கையும் அங்கேயும் உண்டு, இதை மறந்துதான் பலர் மாட்டுகிறார்கள்.

பிள்ளைக்குத் தூண்டில் கட்டிக் கொடுத்துவிட்டு நீங்களே பிடித்து இழுத்தால் அது உங்கள் தூண்டில்தான். ஆசைக்கு ஒருமுறை முயன்று பார்க்க வேண்டுமென்றால் இலவச மீன்பிடி நாளைப் பாருங்கள். டெக்சாஸில் ஜூன் மாத முதல் சனிக்கிழமை. அன்று யாருக்கும் லைசென்ஸ் வேண்டாம்.

எச்1பி விசாவில் இருக்கிறேன். உள்ளூர்வாசிக் கட்டணத்தில் வாங்க முடியுமா?

பொதுவாக முடியும். எவ்வளவு காலம் அந்த மாநிலத்தில் குடியிருக்கிறீர்கள் என்றுதான் பார்ப்பார்கள். டெக்சாஸிலும் கலிபோர்னியாவிலும் தொடர்ந்து ஆறு மாதம். குடியுரிமை கேட்பதில்லை. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவுக்கு வெளியூர்க்காரர் லைசென்ஸ்தான், ஒரு நாள் லைசென்ஸும் கிடைக்கும்.

சமூகப் பாதுகாப்பு எண் எதற்கு என்று பலர் பயப்படுகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. பிள்ளைப் பராமரிப்புத் தொகை கட்டாமல் ஏமாற்றுபவர்களைப் பிடிக்க, எல்லா உரிமங்களிலும் இந்த எண்ணை வாங்க வேண்டும் என்று மத்தியச் சட்டம் சொல்கிறது. மீன்பிடி லைசென்ஸும் அதில் சேர்ந்துவிட்டது.

வேட்டை விஷயம் வேறு. எச்1பி, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் அதற்கு விலக்கு உண்டு. நண்பரின் துப்பாக்கியைச் சும்மா வாங்கிப் பார்ப்பது கூட வினையாகலாம். விசா சம்பந்தப்பட்டதால், ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுத்தான் இதில் இறங்க வேண்டும் என்பேன்.

14 அங்குலம் என்று அளவு வைத்திருக்கிறார்களே, அது என்ன கணக்கு?

டெக்சாஸில் லார்ஜ்மவுத் பாஸ் மீனுக்குப் பொது விதி: குறைந்தது 14 அங்குலம், ஒரு நாளைக்கு ஐந்து. சில ஏரிகளுக்குத் தனி விதி உண்டு. ஒரு மீன் வளர்ந்து ஒரு முறையாவது முட்டையிட்டுவிட்டு அப்புறம் நம் சட்டிக்கு வரட்டும் என்பதுதான் குறைந்தபட்ச அளவின் எளிய நோக்கம்.

முதல் வருடம் எனக்கே நடந்தது. ஏரிக்கரையில் ஒரு பாஸ் மாட்டியது. துணி அளக்கும் டேப்பை அதன் வயிற்றின் மேல் படிய வைத்து அளந்தேன், பதினான்கைத் தொட்டது. கூலரில் போட்டுவிட்டேன். அரை மணி நேரத்தில் கேம் வார்டன் வந்தார். மீனை எடுத்து அளவுப் பலகையில் படுக்க வைத்தார். மூக்கைப் பலகையின் முட்டில் இடிக்க வைத்து, வாயை மூடி, வாலின் இரண்டு நுனிகளையும் விரலால் சேர்த்துப் பிடித்தார். பதின்மூன்றரை. வயிற்றின் வளைவுதான் அந்த அரை அங்குலம். எச்சரித்து அனுப்பினார். ஆனால் மீன் அதற்குள் செத்துவிட்டது, எனக்கு உறுத்தியது அதுதான். மறுநாளே ஒரு அளவுப் பலகை வாங்கினேன். இன்றும் அதில்தான் அளக்கிறேன், சந்தேகமாக இருந்தால் விட்டுவிடுகிறேன்.

இன்னொரு வகை விதியும் உண்டு, இங்கே 'ஸ்லாட்' என்பார்கள். டெக்சாஸ் கடலோரத்தில் ரெட் டிரம் மீன் 20 அங்குலத்துக்கும் 28 அங்குலத்துக்கும் இடையே இருந்தால் மூன்று எடுத்துக்கொள்ளலாம். அதற்குக் கீழே கூடாது. மேலே என்றால் அதற்கென்று தனி டேக் (பிடித்ததில் கட்டும் சீட்டு) வேண்டும். பெரிய மீனை ஏன் விட வேண்டும் என்று ஆரம்பத்தில் எனக்குப் புரியவில்லை. பெரிய பெண்மீன்தான் தாய். அளவு கூடக் கூட அதன் முட்டைகளின் எண்ணிக்கை பல மடங்காகும். குட்டியையும் தாயையும் விட்டுவிட்டு நடுவிலிருப்பதை எடு என்கிறது அந்த விதி.

அட்லாண்டிக் கரையின் ஸ்ட்ரைப்டு பாஸ் கதை இதற்கு நல்ல பாடம். செசபீக் விரிகுடாவில் 1970-களின் பிற்பகுதியில் குஞ்சுகள் சரிந்துகொண்டே வந்தன. மேரிலாந்து 1985 ஜனவரியில் அந்த மீனைப் பிடிப்பதையே முழுதாக நிறுத்தியது. அதை நம்பிப் பிழைத்த மீனவர்களுக்கு அது எவ்வளவு வலித்திருக்கும்! ஐந்து வருடம் கழித்து 1990-இல்தான் கொஞ்சம் திறந்தார்கள். 1995-இல் மீன் மீண்டுவிட்டதாக அறிவித்தார்கள். அப்புறம் மறுபடியும் சரிந்தது. 2023-இலிருந்து கடலில் ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று, அதுவும் 28 அங்குலத்துக்கும் 31-க்கும் இடையே. வலசை போகும் மீன் என்பதால் மேய்ன் முதல் வட கரோலினா வரை மாநிலங்கள் சேர்ந்து உட்கார்ந்து போடும் விதி இது. ஒரு மாநிலம் மட்டும் காப்பாற்றி என்ன செய்வது, பக்கத்து மாநிலம் பிடித்துவிட்டால்?

நாலு பேர் போனோம், நான் ஒருவனே எல்லாருக்கும் சேர்த்துப் பிடிக்கலாமா?

பொதுவாகக் கூடாது. நாள் வரம்பு ஆளுக்குத்தான். வீட்டு ஃப்ரீசரில் இருப்பதையும் சேர்த்துக் கணக்கிடும் 'கைவச வரம்பு' பல மாநிலங்களில் தனியாக உண்டு.

நண்டு பிடிக்கப் போகிறோம். என்ன பார்க்க வேண்டும்?

நம்மவர்கள் அதிகம் கேட்பது இதைத்தான். கயிற்றில் கோழிக்காலைக் கட்டி இறக்கி, மெல்ல இழுத்து, கைவலையால் அள்ளுவதில் உள்ள சந்தோஷத்துக்கு ஈடில்லை.

நீல நண்டை ஓட்டின் இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் கூர்முனைகளுக்கு இடையே அளக்க வேண்டும், முன்னும் பின்னுமாக அல்ல. டெக்சாஸில் 5 அங்குலம். நியூ ஜெர்சியில் கெட்டி ஓட்டு நண்டுக்கு நாலரை. மேரிலாந்தில் சீசன் தொடக்கத்தில் 5, ஜூலை 15-இலிருந்து ஐந்தேகால்.

அப்புறம் நண்டைத் திருப்பிப் பாருங்கள். வயிற்றில் மூடி மாதிரி ஒரு மடிப்பு இருக்கும். ஆணுக்கு அது ஒல்லியாக, தூண் மாதிரி. வளர்ந்த பெண்ணுக்கு அகலமாக, கவிழ்த்த கிண்ணம் மாதிரி. கொடுக்கு நுனியில் நகப்பூச்சு பூசியதுபோல் சிவப்பு இருந்தாலும் பெண்தான். மேரிலாந்தில் பொழுதுபோக்காகப் பிடிப்பவர்கள் கெட்டி ஓட்டுப் பெண் நண்டை எடுக்கவே கூடாது. அந்த மடிப்புக்கு வெளியே ஆரஞ்சோ பழுப்போ ஆன கடற்பஞ்சு போல ஒன்று பிதுங்கியிருந்தால் அது சினை. இலட்சக்கணக்கான முட்டைகள். நான் சொன்ன மூன்று மாநிலங்களிலும் சினை நண்டைத் திரும்ப விட்டாக வேண்டும். சினை நண்டின் ருசி நம் நாக்குக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் விட்டுவிடுங்கள்.

வீச்சு வலை?

ஊரில் வலை வீசிப் பழகிய கை சும்மா இருக்காது. ஆனால் டெக்சாஸில் 14 அடி விட்டத்துக்கு மேல் வலை கூடாது, பாஸ் போன்ற 'கேம் ஃபிஷ்' பட்டியல் மீன்களை வலையில் எடுக்கவே கூடாது. விழுந்தால் திரும்ப விட வேண்டும். இரைக்கு வேண்டிய சின்ன மீன்களுக்குத்தான் அது உதவும். சில மாநிலங்களின் நன்னீரில் வீச்சு வலையே தடை.

விரால் மாதிரி ஒரு மீன் மாட்டியது. என்ன செய்வது?

அது விராலின் சொந்தம்தான். இங்கே 'ஸ்நேக்ஹெட்' என்று பெயர். ஆசியாவிலிருந்து வந்தது. 2002-இல் மேரிலாந்தின் கிராஃப்டன் என்ற ஊரில் ஒரு குளத்தில் இது பெருகியிருப்பது தெரிந்தது. சமைக்க வாங்கிய இரண்டு மீன்களை ஒருவர் குளத்தில் விட்டிருந்தார். குளத்துக்கே மருந்து போட்டு எல்லா மீனையும் கொன்றார்கள். அப்படியும் 2004-இல் பொடோமாக் ஆற்றில் இது கிடைத்தது. அன்றிலிருந்து அங்கே நிலைத்துவிட்டது.

சட்டம் இங்கே தலைகீழ். மற்ற மீனுக்கெல்லாம் அளவும் எண்ணிக்கையும் வைக்கிற மாநிலங்கள் இதைப் பிடித்தால் விடாதே, கொன்றுவிடு என்கின்றன. உயிரோடு வைத்திருப்பதும் கொண்டுபோவதும் குற்றம். வாளியில் தண்ணீர் ஊற்றி வீட்டுக்கு எடுத்துப் போகும் நம் பழக்கம் இதில் ஆகவே ஆகாது. அங்கேயே கொன்று ஐஸில் போட்டு எடுத்துப் போங்கள், தகவலும் சொல்லுங்கள். குழம்புக்கு அருமையான மீன் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. மேரிலாந்து அரசே இதைப் பிடித்துச் சாப்பிடுங்கள் என்று ஊக்கப்படுத்துகிறது.

வீட்டுத் தொட்டியில் வளர்த்த மீனைப் பாவம் பார்த்து ஏரியில் விடுவதும் இதே குற்றம்தான். வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்துப் பாருங்கள்.

வேட்டைக்குப் போக ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

வேட்டைக் கல்வி வகுப்பிலிருந்து. டெக்சாஸில் 1971 செப்டம்பர் 2 அல்லது அதன் பிறகு பிறந்தவர்களுக்கு இது கட்டாயம். கொலராடோவில் 1949 ஜனவரி 1 அல்லது அதன் பிறகு பிறந்தவர்களுக்கு. ஒரு மாநிலத்தில் வாங்கிய சான்றிதழை மற்ற மாநிலங்களும் ஏற்றுக்கொள்ளும். துப்பாக்கியின் வாய் எங்கே பார்க்கிறது, குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளை உடம்பில் ஏற்றிவிடுவார்கள். வகுப்பு கட்டாயமில்லாத வயதானவர்களும் போவது நல்லது.

அப்புறம் லைசென்ஸ், விலங்குக்கான டேக், சீசன். வில்லுக்கு ஒரு சீசன், பழைய முறைத் துப்பாக்கிக்கு ஒன்று, ரைபிளுக்கு ஒன்று. ரைபிள் சீசனில் பளிச்சென்ற ஆரஞ்சு உடுப்பு பல மாநிலங்களில் கட்டாயம். பென்சில்வேனியாவில் தலை, மார்பு, முதுகில் சேர்த்து 250 சதுர அங்குலம், கொலராடோவில் 500. மானுக்கு அந்த நிறம் நமக்குத் தெரிவதுபோல் தெரியாது, இன்னொரு வேட்டைக்காரருக்குத் தெரியும்.

டெக்சாஸ் காகித டேக்கில் மாதமும் தேதியும் அச்சாகியிருக்கும். மான் விழுந்ததும் அந்த மாதத்தையும் தேதியையும் கத்தியால் வெட்டி எடுத்து, மானில் கட்ட வேண்டும். அப்புறம்தான் அதை நகர்த்தலாம். முதல் மானுக்கு என் கை நடுங்கியது, தேதியை வெட்ட இரண்டு நிமிடம் ஆனது. அந்த இரண்டு நிமிடம் அதன் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தது நல்லதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

டெக்சாஸில் 90 சதவீதத்துக்கும் மேல் தனியார் நிலம், உரிமையாளர் அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. மரத்திலோ கம்பத்திலோ ஊதா நிறப் பூச்சுக் கோடு இருந்தால் 'உள்ளே வராதே' என்று பொருள், தனிப் பலகை தேவையில்லை. மேற்கு மாநிலங்களில் பொது நிலம் நிறைய, ஆனால் எல்க் என்ற பெரிய மான் போன்ற விலங்குக்குக் குலுக்கல், பெயர் வராத வருடத்துக்கு ஒரு புள்ளி சேரும். கொலராடோவின் சில பகுதிகளுக்கு இருபது வருடத்துக்கு மேல் புள்ளி சேர்த்துக் காத்திருப்பவர்கள் உண்டு.

எத்தனை சுடலாம் என்று யார் முடிவு செய்கிறார்கள்?

துறையின் உயிரியலாளர்கள் எண்ணிப் பார்க்கிறார்கள்: இரவில் விளக்கடித்து, விமானத்திலிருந்து, வேட்டைக்காரர்கள் கொண்டுவரும் மான்களின் பல் தேய்மானத்தை வைத்து வயதைக் கணித்து. அதைக் கொண்டு ஆணையம் விதி போடும். டெக்சாஸ் ஆணையத்தில் ஒன்பது பேர், கலிபோர்னியாவில் ஐந்து பேர், நியமிப்பது ஆளுநர். விதி போடும் முன் பொதுமக்கள் கருத்துக் கேட்பார்கள். லைசென்ஸ் வாங்கும் நம் ஆட்களில் கருத்துச் சொல்லப் போகிறவர்கள் மிகக் குறைவு. தயவுசெய்து போங்கள், எழுதியாவது அனுப்புங்கள். படகு இல்லாமல் கரையில் நின்று பிடிக்கும் குடும்பங்களின் குரல் அங்கே கேட்க வேண்டும்.

வாத்து வேட்டைக்கு மட்டும் ஏன் இத்தனை விதி?

அது கனடாவிலிருந்து மெக்சிகோ வரை பறக்கும் பறவை. 1916-இல் கனடாவுக்காகப் பிரிட்டனோடு ஒப்பந்தம், 1918-இல் சட்டம். மத்திய அரசு ஒரு எல்லை வகுக்கும், மாநிலம் அதற்குள் சீசன் வைக்கும். 16 வயது நிறைந்தவர்களுக்கு 'டக் ஸ்டாம்ப்' என்ற மத்திய அரசின் முத்திரைச் சீட்டு வேண்டும். 1934-இல் ஒரு டாலருக்கு ஆரம்பித்தது, இப்போது 25 டாலர். அதில் டாலருக்கு 98 காசு சதுப்பு நிலம் வாங்கவும் பாதுகாக்கவும் போகிறது. துப்பாக்கியில் மூன்று தோட்டாவுக்கு மேல் கூடாது. 1991-இலிருந்து நாடு முழுவதும் வாத்துக்கு ஈயக் குண்டு தடை, ஏனென்றால் சேற்றில் விழுந்த ஈயத்தைத் தின்றே பறவைகள் செத்தன. வாத்து சுடாதவர்களும் பறவை பார்ப்பவர்களும் அந்த ஸ்டாம்பை வாங்கலாம். நான் வருடா வருடம் வாங்குகிறேன்.

பொறி வைத்துப் பிடிப்பது இன்னும் நடக்கிறதா?

நடக்கிறது. பீவர், மஸ்க்ராட், ரக்கூன், நரி, நீர்நாய் போன்ற ரோம விலங்குகளுக்குத் தனி லைசென்ஸ், தனி சீசன், பெரும்பாலும் குளிர்காலத்தில். பல மாநிலங்களில் பொறியில் உரிமையாளரின் பெயரோ எண்ணோ இருக்க வேண்டும். குறித்த நேரத்துக்குள் போய்ப் பார்க்க வேண்டும், பல மாநிலங்களில் 24 மணி நேரம், பென்சில்வேனியாவில் 36. மாட்டிய உயிர் வலியோடு காத்திருக்கும் நேரம் அது. இந்த விதியை மீறுபவர்கள் மேல் எனக்கு இரக்கமே இல்லை.

இதில் மக்கள் கருத்து பிளந்து கிடக்கிறது. கொலராடோ, மாசசூசெட்ஸ் 1996-இலும், கலிபோர்னியா 1998-இலும் வாக்கெடுப்பு வைத்துப் பல வகைப் பொறிகளுக்குத் தடை போட்டன. 2019-இல் ரோமத்துக்காகப் பொறி வைப்பதையே கலிபோர்னியா நிறுத்தியது, முதல் மாநிலம் அதுதான்.

ஆனால் பொறி காப்பாற்றியதும் உண்டு. ரோமத் தொப்பிக்காக ஏறக்குறைய அழிக்கப்பட்ட பீவரை உயிரோடு பிடித்து, இல்லாத இடங்களில் கொண்டுபோய் விட்டுத்தான் பல மாநிலங்கள் மீட்டன. 1948-இல் ஐடஹோ துறை 76 பீவர்களை மரப்பெட்டியில் வைத்து, விமானத்திலிருந்து பாராசூட்டில் மலைக்காட்டுக்குள் இறக்கியது. தரையில் மோதியதும் தானாகத் திறக்கும் பெட்டி. ஒன்று தவிர எல்லாம் பிழைத்தன.

என் வீட்டுக் கூரைக்குள் ரக்கூன் புகுந்துவிட்டது. கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விடலாமா?

விட்டுவிடாதீர்கள், பல மாநிலங்களில் அது சட்டவிரோதம். கலிபோர்னியாவில் பிடித்ததை அனுமதியின்றி வேறிடத்தில் விடக் கூடாது. நோயும் பரவும், தெரியாத இடத்தில் அதுவும் பிழைக்காது. வசந்த காலமென்றால் மேலே குட்டிகள் இருக்கலாம். லைசென்ஸ் உள்ள ஆளைக் கூப்பிட்டு, தாயும் குட்டியும் தானாகப் போனபின் ஓட்டையை அடைத்துவிடுங்கள்.

பழங்குடி மக்களுக்கு மட்டும் வேறு விதியாமே, அது நியாயமா?

நியாயம்தான். அவர்கள் நிலத்தை விட்டுக்கொடுத்தபோது, வழக்கமான இடங்களில் மீன் பிடிக்கும் உரிமையைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். 1850-களின் ஒப்பந்தங்களில் அது எழுத்தில் இருக்கிறது. வாஷிங்டன் மாநிலம் அதை மதிக்காமல் அவர்களைக் கைது செய்துகொண்டிருந்தது. 1974-இல் நீதிபதி போல்ட் தீர்ப்பு சொன்னார்: பிடிக்கக் கூடிய சால்மனில் பாதி அவர்களுடையது. அன்றிலிருந்து அந்தப் பழங்குடி அமைப்புகள் மாநிலத்தோடு சேர்ந்து மீன்வளத்தை நிர்வகிக்கின்றன.

வார்டன் வந்தால் என்ன செய்ய வேண்டும்? மாட்டிக்கொண்டால்?

பதறாதீர்கள். லைசென்ஸைக் காட்டுங்கள், கூலரைத் திறந்து காட்டுங்கள். துப்பாக்கி இருந்தால் முதலிலேயே எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கையை அதன் பக்கம் கொண்டுபோகாமல் நில்லுங்கள். அவர் முழு அதிகாரம் உள்ள காவல் அதிகாரி. திறந்த வயல்வெளியில் வாரன்ட் இல்லாமல் நுழைவதை உச்ச நீதிமன்றமே ஏற்றிருக்கிறது. 2011-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம், பாலத்துறையில் ஒருவர் மீன் பிடித்ததை வார்டன் பார்த்திருந்தால் அந்த ஆளின் காரை நிறுத்தி, பிடித்ததைக் காட்டச் சொல்லலாம் என்றது.

சின்னத் தவறுக்கு அபராதம். பெரிய தவறுக்குத் துப்பாக்கி, படகு பறிமுதல், சிறை. உரிமம் பறிபோனால் ஒரு மாநிலத்தோடு முடியாது. 1989-இல் மேற்கில் தொடங்கிய மாநிலங்களுக்கிடையிலான ஒப்பந்தத்தில் இன்று ஏறக்குறைய எல்லா மாநிலங்களும் சேர்ந்துவிட்டன, ஒரு மாநிலத்தில் இழந்த உரிமை மற்றவற்றிலும் போகும். சட்டவிரோதமாகக் கொன்றதை மாநில எல்லை தாண்டிக் கொண்டுபோனால் 1900-இன் லேசி சட்டம் வரும், அது மத்தியக் குற்றம்.

மான் இறைச்சியை விற்கலாமா?

கூடாது. சந்தைக்காகச் சுட்டதுதான் ஒரு காலத்தில் எல்லாவற்றையும் அழித்தது. கொடுக்கலாம், பகிரலாம், சமைத்துப் போடலாம். உண்ணும் இறைச்சியை வீணாக விட்டுப் போவது பல மாநிலங்களில் குற்றம்.

சுட்ட மானை நோய்ச் சோதனைக்கும் கொடுங்கள். 1967-இல் கொலராடோவில் முதலில் தெரிந்த 'கிரானிக் வேஸ்டிங்' என்ற மூளை நோய் பல மாநிலங்களுக்குப் பரவியிருக்கிறது. மனிதருக்கு வந்ததாக நிரூபணம் இல்லை, ஆனாலும் நோயுள்ள மானின் இறைச்சியைத் தின்னாதீர்கள் என்றுதான் சுகாதாரத் துறை சொல்கிறது. இதனால்தான் தலையையும் முதுகெலும்பையும் ஊர் தாண்டிக் கொண்டுபோக அங்கங்கே தடை இருக்கிறது.

அளவில்லாத மீனை எப்படித் திரும்ப விடுவது?

முதலில் கையை ஏரித் தண்ணீரில் நனையுங்கள். காய்ந்த கை மீனின் மேலிருக்கும் வழுவழுப்பை உரித்துவிடும், அப்புறம் அதற்குப் பூஞ்சை பிடிக்கும். செவுளுக்குள் விரல் விட வேண்டாம். முள் தொண்டைக்குள் போயிருந்தால் பிடுங்காமல் தூண்டில் நரம்பை வெட்டிவிடுங்கள். போட்டோ ஒன்று போதும், உங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு எடுங்கள், அதற்குள் முடிய வேண்டும். வீசி எறியாதீர்கள். தண்ணீருக்குள் நிமிர்த்திப் பிடித்து, தலையை நீரோட்டத்தைப் பார்க்கத் திருப்பி, வாலடியை லேசாகப் பற்றிக்கொள்ளுங்கள். செவுள் திறந்து மூடும். அது தானாக வாலை உதறிக் கையிலிருந்து நழுவும் வரை விடாதீர்கள்.